சினனன் இயக்கமும் அதன் வரலாற்றை எழுதியோரும்

போதைப் பழக்கத்துக்கு அடிமைப்பட்டாரை மீட்டற்கெனத் தோன்றிய இயக்கங்களுள், சினனன் இயக்கத்தைப் போலப் புகழையும் பழியையும் ஒருசேர எய்தியது பிறிதொன்றில்லை எனலாம். 1958 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்துக் கடற்கரை நகரொன்றில், ஒரு வாடகை வீட்டிற் பிறந்தது அது. பத்தாண்டு கழியுமுன் மாளிகையும் நிலபுலமும் உடையதாயிற்று. இருபதாண்டு நிறைந்த அதே ஆண்டிற் கொலைச்சதி வழக்கில் அகப்பட்டது. 1991 இல் இல்லாதொழிந்தது. இவ்வியக்கத்தைப்பற்றி ஆங்கிலத்தில் எழுந்த நூல்கள் பல. 1960 களில் எழுந்தவற்றைப் படிப்போர், மனித குலத்துக்குப் புதியதோர் ஒளி கிடைத்துவிட்டதென்றே எண்ணுவர். 1980 ஐ ஒட்டி எழுந்தவற்றைப் படிப்போர், கொடுங்கோலன் ஒருவனின் கோட்டையைப்பற்றிப் படிப்பதாகவே உணர்வர். தலைவர் ஒருவரே, சபையும் ஒன்றே. ஆயினும் இருவேறு பொருள்களைப்பற்றி எழுதினாற்போலத் தோன்றுகின்றது.

இம்முரணைத் தீர்ப்பதற்கு எளியதொரு விடை வழக்கிலுள்ளது. நன்றாய்த் தொடங்கிற்று, பின்னர்த் தலைவரின் செருக்கினாற் கெட்டது என்பதே அவ்விடை. இது பலர்க்கும் உகந்ததாயிருத்தல் வியப்பன்று. தொடக்கத்திற் புகழ்ந்தோர்க்கும் இழுக்கில்லை. முடிவிற் பழித்தோர்க்கும் இழுக்கில்லை. எல்லார்க்கும் வசதியான தீர்ப்பு எதுவோ அதனையே முதலில் ஐயுறல் வேண்டும். சினனன் கையாண்ட முறைகள் அதனோடு மாய்ந்துபோகாது இன்றும் பல நாடுகளிற் பல பெயர்களில் வழங்குகின்றமையால், இவ்வையம் வெறும் ஏட்டுப் பயிற்சியுமன்று.

முதற்கண் அக்காலத்து நிலைமையை நோக்குதல் வேண்டும். 1950 களில் அமெரிக்காவில் ஹெரோயினுக்கு அடிமையானவர்க்குச் சிறைச்சாலை ஒன்றே பெரும்பாலும் புகலிடமாயிருந்தது. கென்ரக்கி மாநிலத்து லெக்சிங்ரன் நகரில் 1935 இல் நடுவண் அரசு திறந்த பெரிய மருத்துவமனை ஒன்றிருந்தது. சிறை பாதி, வைத்தியசாலை பாதியாக அமைந்த அவ்விடத்தினின்றும் வெளிவந்தோருள் மிகப் பலர் மீண்டும் போதைக்கே திரும்பினர். குடிப்பழக்கமுடையோர் தம்முள் ஒருவரையொருவர் தாங்கும் பொருட்டு 1935 இல் தொடங்கிய அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்னும் சங்கம் வளர்ந்தோங்கியிருந்ததெனினும், ஊசிமருந்துப் பழக்கமுடையோரை அதன் கிளைகள் பல விரும்பி ஏற்கவில்லை. திருந்தாதவர் என ஒதுக்கப்பட்ட இம்மக்களை நோக்கி, நீர் திருந்துவீர் என்று கூறிய முதற் குரல்களுள் சினனனின் குரலும் ஒன்று. பின்னாளிற் செய்த தீமை எதுவாயினும், இவ்வுண்மையை மறைத்தெழுதும் வரலாறு நேர்மையான வரலாறாகாது.

அக்குரலுக்குரியவர் சாள்ஸ் டெடெரிக் என்பவர். 1913 இல் ஒகையோ மாநிலத்து ரொலீடோ நகரிற் பிறந்தவர். வணிக நிறுவனங்களிற் பணியாற்றியவர். குடியினால் இரு திருமணங்களையும் தொழிலையும் இழந்தவர். அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் சங்கத்திற் சேர்ந்து குடியைத் துறந்தார். 1957 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்து மருத்துவர் நடத்திய சோதனையில் எல்.எஸ்.டி. என்னும் மருந்தை உட்கொண்டு, அதனால் தம் உள்ளம் மாறியதாகப் பின்னர்க் கூறினார். எமேர்சன் எழுதிய ‘தன்னம்பிக்கை’ பற்றிய கட்டுரை அவர்க்கு வேதம்போன்றது. நம் நாட்டுக் கல்லூரிகளிலும் ஒரு காலத்திற் பாடமாயிருந்த எமேர்சன், பிறர் சொல்லுக்குப் பணியாது தன்னுள்ளத்துக்கே செவிசாய்க்குமாறு கற்பித்தவர். அவரை ஓதி எழுந்த ஓரியக்கம் ஆயிரம் பேரை ஒருவர் சொல்லுக்குப் பணியவைத்து முடிந்தது.

டெடெரிக் தாம் பெற்ற 33 டொலர் வேலையிழப்புப் பணத்தை முதலாகக்கொண்டு இயக்கத்தைத் தொடங்கினார் என்பது அவ்வியக்கத்தார் விரும்பிச் சொன்ன கதை. அவர் வீட்டில் வாரந்தோறும் கூடியோர் குடியரும் போதை அடிமைகளுமாகக் கலந்திருந்தனர். ஒருவரையொருவர் தடையின்றி வினாவியும் இடித்துரைத்தும் பேசும் அக்கூட்டங்கள், தாய்ச் சங்கத்தின் அமைதியான முறைக்கு ஒவ்வாதனவாகவே இருசாராரும் பிரிந்தனர். புதிதாய் வந்த ஒருவர் கருத்தரங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் இரண்டை நாக்குழறி ஒன்றாக்கியமையாற் ‘சினனன்’ என்னும் பெயர் பிறந்ததென்பர். தமிழ்ச் செவிக்கு அப்பெயரிற் சினம் என்னும் சொல் ஒலிப்பது தற்செயலே. ஆயினும் அவ்வியக்கத்தின் உயிர்நாடி சினமே என்பதை அடுத்து வருவது காட்டும்.

அவர்கள் ‘விளையாட்டு’ எனப் பெயரிட்டழைத்த கூட்டமே சினனனின் நடுத்தூண். பத்துப் பன்னிருவர் வட்டமாய் அமர்வர். வாரத்தில் மும்முறை அது நிகழும். ஒருவரைத் தேர்ந்து ஏனையோர் அனைவரும் அவர் செய்த பிழை, சோம்பல், பொய், பாசாங்கு ஆகியவற்றை எடுத்தெறிவர். வசைச்சொல்லுக்குத் தடையில்லை, மிகைப்படுத்தலுக்கும் தடையில்லை, பொய்க்குற்றஞ் சாட்டுதற்குமே தடையில்லை. கைநீட்டலாகாது, போதைப்பொருள் தொடலாகாது என்னும் இரண்டு விதிகளே மீறற்கரியன. பின்னர் அம்பு வேறொருவர்மேற் பாயும். விளையாட்டு முடிந்தபின், சற்றுமுன் பகைவர்போல் ஏசிக்கொண்டோர் ஒருங்கிருந்து உண்பர். வட்டத்துக்கு வெளியே ஒழுங்கும் இன்சொல்லும் கட்டாயமாயின. புதிதாய் வந்தவர் கழிப்பறை கழுவுதலிலிருந்து தொடங்கிப் படிப்படியாய் உயர்வர். ஆனால் வட்டத்துக்குள் அப்படிகள் இல்லை. கழிப்பறை கழுவுபவர் மேற்பார்வையாளரை எவ்வாறும் ஏசலாம்.

இதனைக் கண்ட அறிஞர் மயங்கியமைக்குக் காரணம் உண்டு. போதையடிமை பெரும்பாலும் சொல்வன்மையுடையவர். மருத்துவரையும் நீதிபதியையும் தாயையும் ஏமாற்றப் பழகியவர். அவர் சொல்லும் சாக்குப்போக்கு அவரைப்போன்ற இன்னொருவரிடம் செல்லாது. சிறையிலும் மருத்துவமனையிலும் கிடையாத ஒன்று இங்குக் கிடைத்தது. மருந்தை விடும்போது உண்டாகும் நடுக்கத்தையும் குமட்டலையும், திரைப்படங்கள் காட்டுவதுபோலப் பூட்டிய அறையிலன்றி, யாவரும் நடமாடும் கூடத்துச் சாய்வணையிற் கிடந்தே புதியவர் கழித்தனர்; சுற்றியிருந்தோர் அதனைப் பெரிதுபடுத்தவில்லை. பெரிதுபடுத்தாமையால் அது பெரிதாகவுமில்லை என்று கண்டோர் எழுதியுள்ளனர். இது சினனனின் மெய்யான கண்டுபிடிப்புக்களுள் ஒன்று.

எனினும், விளையாட்டு உண்மையைப் பேசவைத்தது என்பது ஆராயத்தக்கது. ஒருவரைப் பன்னிருவர் சூழ்ந்து மணிக்கணக்காய்க் குற்றஞ்சாட்டும்போது, அவர் இறுதியில் ஒப்புக்கொள்வது உண்மையாதலும் கூடும். ஒப்புக்கொண்டால் விடுவார்கள் என்பதனாற் சொல்வதாதலும் கூடும். இரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் எதுவும் வட்டத்துள் இல்லை. பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லையே வாய்மை என்று வகுத்த வள்ளுவர் மரபில் வந்தார்க்கு இவ்வினா இயல்பாய் எழும். அமெரிக்க அறிஞர்க்கு அந்நாளில் அது எழாமை வியப்பே. ‘தலைமயிர் வெட்டு’ என்பது தொடக்கத்தில் வாய்மொழிக் கண்டனத்துக்கு அவர்கள் இட்ட பெயர். சில ஆண்டுகளில் தவறு செய்தவர் தலையை மெய்யாகவே மழித்தனர். 1975 இல் ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி யாவர் தலையும் மழிக்கப்பட்டது. உருவகமாயிருந்த சொல் பதினைந்தாண்டுள் கத்தரியாய் வந்து நின்ற இவ்வரலாறு, எந்த ஆராய்ச்சி நூலினும் தெளிவாய் அவ்வியக்கத்தின் போக்கைக் காட்டும்.

புகழ்ந்தோர் பட்டியல் நீண்டது. உளமருத்துவர் டானியல் காஸ்ரியல் 1962 இற் சென்று கண்டு, 1963 இல் ஒரு நூல் வெளியிட்டார். ‘லைப்’ சஞ்சிகை 1962 இற் படங்களுடன் சிறப்பித்தது. செனற்றர் தோமஸ் டொட் அரசியல் அரங்கிற் பாராட்டினார். 1965 இற் கொலம்பியா நிறுவனம் திரைப்படமே எடுத்தது. புகழ்பெற்ற உளவியலாளர் ஏபிரகாம் மாஸ்லோ, சினனன் முறையைப் பின்பற்றி நியூயோர்க்கில் எழுந்த டேரொப் இல்லத்தில் 1965 இற் பேசியபோது, மனிதர் எளிதில் உடையும் பீங்கானல்லர், கடுஞ்சொல்லைத் தாங்கி வளர்வர் என்பதற்கு இவ்வில்லங்களைச் சான்றாகக் காட்டினார்.

இவற்றுள் மிக்க செல்வாக்குடையது சமூகவியற் பேராசிரியர் லூயிஸ் யாப்லொன்ஸ்கி 1965 இல் வெளியிட்ட நூல். விளையாட்டின் உரையாடல்களை நேரிற் கேட்டாற்போல அது தருகின்றது. குற்றவாளிகளாய் ஒதுக்கப்பட்டோரை மனிதராகக் காட்டுகின்றது. இவை சிறு நன்மைகளல்ல. ஆனால், சமூகவியலாளர் முதலில் வினவவேண்டிய வினா ஒன்றை அந்நூல் போதிய அளவு வினவவில்லை. உள்ளே வந்தோருள் எத்துணைப் பேர் தங்கினர்? தங்காது போனோர் என்னவாயினர்? முதல் வாரத்திலேயே வெளியேறியோர் அந்நூலிற் குரலற்ற நிழல்களாகவே நிற்கின்றனர். எஞ்சி நின்றோரை மட்டும் எண்ணி மருந்தின் வீரியத்தைக் கணிப்பது, கரைசேர்ந்தோரை மட்டும் வினாவிக் கடலின் ஆழத்தை அறிவதுபோலாம். விருந்தினராய்ச் சென்று, விளையாட்டைக் கண்டு, மாலையில் இல்லந் திரும்பிய அறிஞர்க்குக் கதவு எப்போதும் திறந்தேயிருந்தது. உள்ளே வாழ்ந்தார்க்கு அக்கதவு எவ்வாறிருந்தது என்பதைக் கேளாமையே அக்காலத்துப் புலமையின் பெருங்குறை.

அந்நாளிற் சினனனை எதிர்த்தோர் நல்ல காரணங்கொண்டு எதிர்த்தாரல்லர் என்பதும் கூறற்பாலது. சாந்தா மொனிக்கா நகரத்தார் தம் கடற்கரையிற் போதையடிமைகள் வாழ்வதை விரும்பவில்லை. வெள்ளையரும் கறுப்பரும் ஒரு கூரையின்கீழ் வாழ்வதை அதனினும் விரும்பவில்லை. டெடெரிக்கின் மூன்றாம் மனைவி பெற்றி, ஹெரோயின் பழக்கத்தினின்று மீண்ட கறுப்பினப் பெண்மணி. அத்தகைய மணத்தை அமெரிக்க மாநிலங்கள் பல 1967 வரை குற்றமாகக் கொண்டிருந்தன. நில வலயச் சட்டத்தைக் காட்டி நகரத்தார் தொடுத்த வழக்கில் 1960 களின் தொடக்கத்தில் டெடெரிக் சிறிது காலம் சிறையிலும் இருந்தார். அது அவரைத் தியாகியாக்கிற்று. பின்னாளில் நியாயமான குற்றச்சாட்டு எழுந்தபோதும், அதனைப் பழைய பகைவரின் சூழ்ச்சி என்று தள்ளிவிட அவர்க்கும் அவரைச் சார்ந்தார்க்கும் இது கைகொடுத்தது.

இனி, நன்றாய்த் தொடங்கிக் கெட்டது என்போர், கேட்டின் தொடக்கத்தைப் பெரும்பாலும் 1974 இல் இயக்கம் தன்னை மதமென அறிவித்ததிற் காண்பர். சிலர் 1977 ஏப்ரலில் மனைவி பெற்றி இறந்தமையிற் காண்பர். இரண்டும் காலந்தாழ்ந்தவை. மெய்யான திருப்பம் 1968 ஐ ஒட்டி நிகழ்ந்தது. அதுவரை, இரண்டு மூன்று ஆண்டு தங்கித் தெளிந்தவர் வெளியே சென்று தொழில்செய்து வாழலாம் என்பது கொள்கை. அதனைப் ‘பட்டம் பெறுதல்’ என்றனர். 1968 அளவில் அக்கொள்கை கைவிடப்பட்டது. சினனன் சிகிச்சை நிலையமன்று, வாழ்நாள் முழுதும் வாழ்தற்குரிய மாற்றுச் சமுதாயம் என்று அறிவிக்கப்பட்டது. வெளியேறியவர் அழிவர் என்பதே தலைவரின் வாதம். பட்டம் பெறுதல் என்பது சமூக சேவையாளரை மகிழ்விக்கச் சொல்லப்பட்டது என்றுகூட அவர் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இவ்வொப்புதலை வரலாற்றாசிரியர் போதிய அளவு எடைபோடவில்லை. பத்தாண்டாக உலகத்தார்க்குக் காட்டிய வெற்றி வெற்றியன்று என்பதே அதன் பொருள். நோயைத் தீர்க்கமாட்டாத வைத்தியர், நோயாளி வைத்தியசாலையை விட்டு அகலாதிருப்பதே நலம் என்று விதித்தாற்போன்றது இது. அதனோடு பொருளாதாரக் காரணமும் உண்டு. 1964 இல் மரின் மாவட்டத்து ரொமாலிஸ் குடாவருகே நிலம் வாங்கப்பட்டது. 1967 இற் கடற்கரையிலுள்ள காசா டெல் மார் என்னும் பெரிய ஹொட்டேல் வாங்கப்பட்டது. பெற்றோல் நிலையங்களும், நிறுவனங்களின் பெயர் பொறித்த பேனா முதலிய விளம்பரப் பொருள்களை விற்கும் வணிகமும் வளர்ந்தன. இவற்றை நடத்தியோர் சிறு கைச்செலவுப் பணமே பெற்ற உறுப்பினர். தேறியவரே திறமையான தொழிலாளர். அவரை வெளியே அனுப்புவது வணிகத்துக்கு நட்டம். குணப்படுத்துதலே நோக்கமாயின் வெளியேறுதல் வெற்றி. கூட்டுவாழ்வே நோக்கமாயின் வெளியேறுதல் துரோகம். ஒரே செயலுக்கு எதிர்மாறான பொருள் உண்டாயிற்று. பிற்காலத்துக் கொடுமை பலவும் இவ்வொரு மாற்றத்தினின்றே கிளைத்தன எனலாம்.

இசைக்கலைஞர் இருவர் வாழ்வு ஈண்டு நினைவுகூரத்தக்கது. கித்தார் வாசிப்பில் வல்ல ஜோ பாஸ், 1960 களின் தொடக்கத்திற் சினனனிற் சேர்ந்து, உடனுறைந்த கலைஞரோடு 1962 இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டு, சில ஆண்டுகளில் வெளியேறி, 1994 இல் இறக்கும்வரை உலகப்புகழோடு வாழ்ந்தார். சாக்சபோன் கலைஞர் ஆட் பெப்பர் 1969 இற் சேர்ந்தார். தம் பிற்கால மனைவியை அங்கே கண்டார். 1971 அளவில் வெளியேறினார். 1979 இல் வெளிவந்த அவர் தன்வரலாறு சினனன் வாழ்வை வெறுப்பின்றியே கூறுகின்றது. எனினும் 1982 இல் இறக்கும்வரை அவர் போதையினின்று முற்றாக விடுபட்டாரல்லர். இருவர் வாழ்வைக்கொண்டு ஒரு விதியை நிறுவ முடியாதுதான். ஆயினும், முதல்வர் சென்ற காலத்தில் வெளியேறுதற்குப் பயிற்றப்பட்டனர். இரண்டாமவர் சென்ற காலத்தில் வெளியேறாதிருத்தற்கே பயிற்றப்பட்டனர் என்னும் வேறுபாடு கருதத்தக்கது.

அதன்பின் நிகழ்ந்தவை விரைவாய்க் கூறத்தக்கன. போதைப் பழக்கமே இல்லாத நடுத்தர வகுப்பார் பலர் வீடும் பணமும் கொடுத்து உள்ளே புகுந்தனர். விளையாட்டு, இரண்டு மூன்று நாள் உறக்கமின்றி நீளும் சடங்காயிற்று. குழந்தைகள் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பொதுவில் வளர்க்கப்பட்டனர். 1973 இல் விளையாட்டின் நடுவே டெடெரிக் ஒரு பெண்ணின் தலையிற் பானத்தை ஊற்றினார். கைநீட்டலாகாது என்னும் முதல் விதி அன்று தளர்ந்தது. விதியை மீறியவரை இடித்துரைக்க வட்டத்தில் எவருமிலர்; ஏனெனின், அந்நாளில் தலைவர் விளையாட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டவராகிவிட்டார். 1977 இல் ஆண்கள் பலர் கருத்தடை அறுவைக்கு உட்படுத்தப்பட்டனர், தலைவர் நீங்கலாக. கருவுற்றிருந்த பெண்கள் கருவைக் கலைக்குமாறு நெருக்கப்பட்டனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் மணமானோர் துணையை மாற்றிக்கொள்ளுமாறு பணிக்கப்பட்டனர். அறிவுடையோர் இதற்கெல்லாம் எவ்வாறு இசைந்தனர் என்று வினவுவோர், ஒவ்வொரு கட்டளையும் முதலில் விளையாட்டு வட்டத்தில் வைத்து விவாதிக்கப்பட்டதை மறத்தலாகாது. மறுத்தவர் தன்னலக்காரர் என்று பன்னிருவரால் மணிக்கணக்காய் ஏசப்பட்டார். ஐயத்தை வெளிப்படுத்த ஏற்பட்ட கருவியே ஐயத்தைக் கொல்லும் கருவியாயிற்று. இயக்குநர் ஜோர்ஜ் லூக்கஸ் 1971 இல் வெளியிட்ட ‘ரீ.எச்.எக்ஸ். 1138’ என்னும் படத்தில், யாவரும் மொட்டையராய்க் கீழ்ப்படிந்து வாழும் எதிர்கால அரசொன்றின் குடிகளாய் நடிக்கச் சினனன் உறுப்பினர் சிலரே அமர்த்தப்பட்டனர்.

வெளியுலகம் இதனை அறியாமலில்லை, அஞ்சியது. ஹேர்ஸ்ற் குழுமத்துப் பத்திரிகை ஒன்று 1972 இற் சினனனைக் கடுமையாய்த் தாக்கி எழுதியது. அதற்கெதிராகச் சினனன் தொடுத்த அவதூறு வழக்கு, 1976 இல் 6 இலட்சம் டொலர் இழப்பீட்டுடன் முடிந்தது. 1977 டிசெம்பரில் எழுதிய ‘ரைம்’ சஞ்சிகைமீதும் வழக்குத் தொடரப்பட்டது. பெரிய ஏடுகள் வாயடைத்த நிலையில், 3000 படிகளேனும் விற்காத ‘பொயின்ற் ரேயிஸ் லைற்’ என்னும் கிராம வார இதழ் துணிந்து எழுதிற்று. அதன் உரிமையாளரான டேவிட் மிற்செல், கதி மிற்செல் என்னும் கணவன் மனைவியர்க்குப் பேர்க்ளிப் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ரிச்சாட் ஒவ்ஷி துணைநின்றார். 1979 இல் அவ்விதழ் பொதுநலச் சேவைக்கான புலிற்சர் பரிசு பெற்றது. புகழ்மாலை சூட்டிய பேராசிரியர் பலர் உறைந்த அதே கலிபோர்ணியாவில், உண்மையை வெளியிடும் பொறுப்பு ஒரு சிற்றூர் அச்சகத்தின் தலையில் விழுந்தது.

அதற்குள் இரத்தம் சிந்தப்பட்டுவிட்டது. இயக்கத்தை விட்டு விலகிய ஒருவர் 1978 இற் பேர்க்ளியில் தம் வீட்டுவாயிலில் தடியால் அடிக்கப்பட்டு மண்டையோடு பிளந்து உயிர்தப்பினார். சினனனில் தடுத்துவைக்கப்பட்ட பெண்ணொருத்திக்காக வாதாடி 3 இலட்சம் டொலர் இழப்பீடு பெற்றுக்கொடுத்த வழக்கறிஞர் போல் மொறன்ஸ், 1978 ஒக்ரோபர் 10 ஆந் தேதி மாலை தம் வீட்டுக் கடிதப்பெட்டியிற் கையிட்டபோது, உள்ளே வைக்கப்பட்டிருந்த கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தது. ஒலியெழுப்பாதிருக்கும்பொருட்டு அதன் வாற்கிலுகிலுப்பை முன்னரே அகற்றப்பட்டிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். டிசெம்பர் 2 ஆந் தேதி அரிசோனா மாநிலத்தில் டெடெரிக் கைதானபோது மிகுந்த குடிமயக்கத்தில் இருந்தார். 1980 இற் கொலைச்சதிக் குற்றச்சாட்டை அவரும் வேறிருவரும் எதிர்த்து வாதிடவில்லை. நோயுற்றிருந்த அவர்க்குச் சிறையின்றி நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. இயக்கத்தை நடத்துவதும் தடைசெய்யப்பட்டது. 1982 இல் வரிவிலக்கு நீக்கப்பட்டது. பெருந்தொகையான வரிக்கடன் 1991 இல் அதனைக் கலைத்தது. டெடெரிக் 1997 இல் இறந்தார்.

மிற்செல் தம்பதியரும் ஒவ்ஷியும் 1980 இல் வெளியிட்ட நூல் துப்பறியும் கதைபோல விறுவிறுப்பானது, துணிவுக்குச் சான்றானது. ஆயின், மக்கள் ஏன் அங்கு சென்றனர், ஏன் நிலைத்தனர் என்பதற்கு அது தரும் விடை மெலிந்தது. யாப்லொன்ஸ்கி வெளியேறியோரைக் காணாதவாறே, இந்நூலார் விரும்பித் தங்கியோரைக் காண்கிலர். 2001 இல் றொட் ஜான்சன் எழுதிய வரலாறு இவ்விரண்டையும் ஒருங்கு காண முயல்கின்றது. உறுப்பினராயிருந்தோர் பலரை நேரிற் கண்டு, அவர்தம் அன்பையும் கசப்பையும் ஒருங்கே பதிந்துள்ளார். இனவேற்றுமையற்ற வாழ்வு அங்கு ஓரளவு மெய்யாகவே நிலவியதென்பதைச் சான்றுடன் காட்டியமை அவர் நூலின் சிறப்பு. எனினும் நீண்டகாலம் தங்கியோரின் நினைவே அதிற் பெரும்பங்கு கொள்கின்றது. சில நாளே தங்கி ஓடியோர் ஆங்கும் குறைவே. 2017 இற் கிளயர் கிளார்க் எழுதிய நூல் வேறுவழியிற் சென்று, போதையினின்று மீண்டவரே பிறரை மீட்கும் தொழிலாளராகும் வழக்கம் சினனனிலிருந்து எவ்வாறு பரவியது என்பதை ஆராய்கின்றது. நால்வகை நூல்களுள் இன்றைய படிப்பாளர்க்கு மிகப் பயன்படுவது இதுவே.

அப்பரவலே இவ்வரலாற்றின் முடியாத பகுதி. நியூயோர்க்கில் 1963 இல் டேரொப், 1967 இற் பீனிக்ஸ் ஹவுஸ் ஆகிய இல்லங்கள் தோன்றின. அவை மருத்துவரையும் அரசுப் பணத்தையும் கணக்காய்வையும் ஏற்றன. வெளியேறுதலை இலக்காகவே வைத்திருந்தன. சான் பிரான்சிஸ்கோவில் 1971 இல் தோன்றிய டிலான்சி ஸ்றீற், வசைமுறையின் கடுமையைக் காலப்போக்கிற் குறைத்துத் தொழிற்பயிற்சியை வளர்த்தது. பேர்லின் நகரில் அதே 1971 இல் அப்பெயரையே ஏற்று எழுந்த இல்லம் இன்றும் நிலவுகின்றது. ஆசிய நாடுகளில் இத்தகைய இல்லங்களுக்குப் பயிற்சியளிப்பதிற் பங்குகொண்ட கொழும்புத் திட்டத்தின் போதைப்பொருள் ஆலோசனைப் பிரிவு, 1973 இல் தோன்றித் தலைநகர் கொழும்பிலிருந்தே இயங்கியது.

மற்றொரு கிளை கசப்பானது. தாமே விரும்பி வந்த முதிர்ந்தோர்க்கென ஏற்பட்ட வசைமுறை, தாம் விரும்பாமலே அனுப்பப்பட்ட சிறுவர்மேல் ஏவப்பட்டது. சினனனிற் பழகிய ஒருவர் 1967 இற் கலிபோர்ணியாவிற் சீடூ என்னும் உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். மெயின் மாநிலத்து எலான் பள்ளி 1970 முதல் 2011 வரை நடந்தது. ‘வித்து’ எனப் பொருள்படும் பெயருடன் புளோரிடாவில் 1970 இல் எழுந்த இளைஞர் திட்டத்தைப்பற்றி, அமெரிக்கச் செனற்றின் துணைக்குழு 1974 இல் வெளியிட்ட அறிக்கை, அதன் முறைகளை வடகொரியர் கையாண்ட மூளைச்சலவையோடு ஒப்பிட்டது. அதன் வழியில் 1976 இல் ‘ஸ்றெயிற்’ என்னும் நிறுவனம் எழுந்தது. இவ்விரு கிளையையும் பிரிப்பது யாது? விளையாட்டின் கடுமை இரண்டிலும் இருந்தது. ஒன்றில் வெளியேறும் உரிமையும் புறத்தார் பார்வையும் இருந்தன. மற்றதில் இரண்டும் இல்லை. 1968 இற் சினனன் கைவிட்டதும் அந்த உரிமையையே.

தொடக்கம் நன்று, முடிவு தீது என்னும் தீர்ப்பு இதனால் முற்றும் பொய்யாகின்றதா எனின், அன்று, பாதி பொய்யாகின்றது. தலைவரை வட்டத்துக்குள் வைக்கும் விதி எழுதப்படாமை, வெளியேறியோரைக் கணக்கிடாமை, ஒப்புதலை உண்மையெனக் கொள்ளுதல் ஆகிய மூன்றும் 1958 இலேயே இருந்தன. செருக்கு அவற்றைப் பயன்படுத்திக்கொண்டது, உண்டாக்கவில்லை.

இவ்வாராய்ச்சியை இனி எழுதப்போவோர்க்கு ஒரு பேரிழப்பு உண்டு. சினனன் தன் விளையாட்டுக்களையும் தலைவரின் பேச்சுக்களையும் ஒலிநாடாவிற் பதிந்து, உள்வானொலி மூலம் எல்லா இல்லங்களுக்கும் ஒலிபரப்பி வந்தது. 1978 இற் காவற்றுறை கைப்பற்றிய நாடாக்களே கொலைச்சதி வழக்கின் முதன்மைச் சான்றாயின. அதன்பின் எஞ்சிய நாடாக்களுட் பல அழிக்கப்பட்டன. வரிவிலக்கைத் திரும்பப் பெறச் சினனன் தொடுத்த வழக்கை வொஷிங்ரன் நடுவண் மாவட்ட நீதிமன்று 1984 இல் தள்ளியது, சான்றுகளை அழித்து நீதிமன்றை ஏமாற்ற முனைந்தது என்னும் காரணத்தாலேயே. லொஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழக நூலகத்தில் இயக்கத்தின் ஏடுகள் இன்று காப்பிலுள்ளன. கடற்கரை ஹொட்டேல் புதுக்கப்பட்டு 1999 முதல் செல்வர் தங்கும் விடுதியாய் நடக்கின்றது. வட்டத்தில் அமர்ந்து ஏசியும் ஏச்சுண்டும் வாழ்ந்த ஆயிரக்கணக்கானோரின் குரலோ பெரும்பகுதி அழிந்த நாடாக்களோடு போயிற்று.